கூடாரத்தில் முறுமுறுப்பு வேண்டாம்!

தியானப் பகுதி: உபாகமம் 1:27, சங்கீதம் 142

 

காலையில் எழுந்ததும் நம் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை என்ன? ஸ்தோத்திரமா? இல்லை, "இன்னைக்கும் தண்ணி வரலையா?" என்பதா? கரண்ட் போனால் புலம்பல், பஸ் வராவிட்டால் புலம்பல். மழை பெய்தாலும் புலம்பல், பெய்யாவிட்டாலும் புலம்பல்! ஆராதனையில் இரண்டு கைகளையும் உயர்த்தி அல்லேலூயா சொல்லுகிறோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

1. முறுமுறுப்பு நன்மைகளை மறக்கப்பண்ணும்

செங்கடல் பிளந்தது. மிரியாம் தம்புரு எடுத்துப் பாடினாள். அந்தப் பாட்டு எத்தனை நாள் நிலைத்தது? மூன்றே நாள்! மாராவின் தண்ணீர் கசந்தவுடனே மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள் (யாத்திராகமம் 15). சமுத்திரத்தையே பிளந்தவருக்கு இந்தத் தண்ணீரை மதுரமாக்கத் தெரியாதா? தெரியும், மாற்றினார். அடுத்து அவர் கூட்டிக்கொண்டுபோன ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சமரங்களும் இருந்தன!

பின்பு மன்னாவைச் சாப்பிட்டுக்கொண்டே எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11). வெங்காயம் ஞாபகம் இருக்கிறது. ஆளோட்டிகளின் அடி ஞாபகம் இல்லை. நதியிலே போடப்பட்ட பிள்ளைகள் ஞாபகம் இல்லை. முறுமுறுக்கிற மனசு இப்படித்தான்.

2. முறுமுறுப்பு பிள்ளைகளைப் பாதிக்கும்

வேவு பார்க்கப் போனவர்கள் 12 பேர். அதில் 10 பேருடைய துர்ச்செய்தி அன்று இரவே முழு ஜனத்தையும் அழவைத்தது. ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பிரயாணம்தான். ஆனால் கானானுக்குள் போக 40 வருஷம் ஆனது! ஜனங்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்ததை மோசே பின்னாளில் நினைப்பூட்டுகிறார். கூடாரம் என்றால் என்ன? வீடுதானே! அங்கே அதைக் கேட்டுக்கொண்டிருந்தது யார்? பிள்ளைகள்! பெற்றோர் பேசியதற்காக 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்தவர்களும் அந்தப் பிள்ளைகளே (எண்ணாகமம் 14:33).

பிரியமானவர்களே, சாப்பாட்டு நேரத்தில் சபையைப் பற்றியும் சொந்தக்காரரைப் பற்றியும் நாம் குறையே பேசினால், வளர்ந்த பிறகு பிள்ளை ஏன் சபைக்கு வரமாட்டேன் என்கிறான் என்று யாரைக் கேட்பது?

3. முறுமுறுப்பு வேறு, முறையிடுதல் வேறு

"அப்படியானால் கஷ்டத்தை வெளியே சொல்லவே கூடாதா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். தாவீது குகையிலிருந்து தன் சஞ்சலத்தையெல்லாம் கர்த்தருக்கு முன்பாக ஊற்றினான் (சங்கீதம் 142). அன்னாளும் ஊற்றினாள். முறுமுறுப்பு தேவனைப் பற்றி மற்றவர்களிடம் பேசும். ஜெபம் அதே பாரத்தை தேவனிடமே கொண்டுபோகும்.

நியாயமான குறை இருந்தால் அதைச் சரிசெய்யவேண்டியவர்களிடம் சொல்லுங்கள். ஆதிசபையில் கிரேக்கரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற குறை எழும்பிற்று. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. அந்த வேலைக்கென்றே 7 பேரை ஏற்படுத்தினார்கள் (அப்போஸ்தலர் 6). குடித்துவிட்டு வந்து புருஷன் அடிக்கிறான் என்று அழுகிற சகோதரியிடம், "முறுமுறுக்காதேம்மா, ஸ்தோத்திரம் சொல்லு" என்று அனுப்பிவிடுவது விசுவாசம் அல்ல. அவளுக்குப் பாதுகாப்பு தேடிக்கொடுப்பது நம் கடமை.

4. ஸ்தோத்திரம் பழகவேண்டிய காரியம்

மனரம்மியமாயிருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார் (பிலிப்பியர் 4:11). எங்கிருந்து? காவலில், கட்டுகளோடு! பவுலுக்கே அது பிறவிக் குணம் அல்ல, பழகிப் பழகி வந்தது.

ஜெர்மனி தேசத்தில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-ல், அவ்வூரைக் கொள்ளைநோய் தாக்கியது. 4,000-க்கும் அதிகமானோரை அவர் அடக்கம்பண்ணினார். அவருடைய மனைவியும் அந்த வருஷமே மரித்துப்போனார். ஆனாலும் அவர் ஊழியத்தை விட்டு ஓடவில்லை. அவர் எழுதிய நன்றிப் பாடலை உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகின்றன. மரணம் நல்லது என்று அவர் சொல்லவில்லை, தேவன் நல்லவர் என்றார். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் என்பதின் அர்த்தம் இதுதான்!

இன்று இரவு குடும்ப ஜெபத்தில் இதைச் செய்து பாருங்கள். சின்னப் பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை ஒவ்வொருவரும் இன்றைக்குக் கர்த்தர் செய்த ஒரு நன்மையைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். பிறகு மனசிலிருக்கிற பாரத்தை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஏழு நாள் விடாமல் செய்யுங்கள். தண்ணீர் லாரி அப்போதும் தாமதமாகவே வரலாம். ஆனால் காத்திருக்கிற உங்கள் வாயிலே வேறொரு வார்த்தை இருக்கும்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். எங்கள் கூடாரங்களில் முறுமுறுப்பின் சத்தம் ஒழிந்து, துதியின் சத்தம் கேட்கட்டும். கசந்த மாராவில் நிற்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஏலிமுக்கு நடத்தும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.