'நான் ஒருத்தன் போடாட்டா...?'

பௌர்ணமி ராத்திரியில் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு நீங்கள் நடக்க வேண்டாம். கூட்டமே உங்களை நடத்திக்கொண்டு போகும். வழியில் ஒருவர் காலி பாட்டிலை மலைப் பக்கம் வீசுவார். கேட்டுப் பாருங்கள்... 'எல்லாரும் போடறாங்க. நான் ஒருத்தன் போடாட்டா மலை சுத்தமாயிடுமா சார்?'

நியாயமான கேள்விதான். இதற்குக் கீதையில் பதில் தேடுபவர்கள் உண்டு. பி.காம். படித்த எனக்கு அணுக்கருவில் ஒரு பதில் கிடைத்தது!

கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தத்தம் பாதையில் சுற்றுகின்றன, நடுப்பகுதி உருண்டை என்பது 1949-ல் வந்த கணக்கு. அப்படியானால், உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது கடைசியில் ஒண்டியாகச் சுற்றும் ஆளைப் பொறுத்தது. அந்த நசுங்கலின் அளவுக்குப் பெயர் குவாட்ரபோல் மொமென்ட். (பெயர்தான் பயமுறுத்தும்.) சில தனிமங்களில் அளந்தால், ஒற்றைப் புரோட்டானால் முடிவதைவிடப் பல மடங்கு வந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரெயின்வாட்டர் 1950-ல் காரணம் சொன்னார். வெளியே சுற்றுகிற அந்த ஒருவர், உள்ளே இருக்கிற மொத்த உருண்டையையும் லேசாக இழுத்துவிடுகிறார். எல்லோரும் சேர்ந்து நாவல்பழ வடிவத்துக்கு நீள்கிறார்கள். அப்போது அவருடைய அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த ஆகே போர், பிறகு கோபன்ஹேகனில் மோட்டல்சனோடு சேர்ந்து, நீண்ட கரு ஒட்டுமொத்தமாகச் சுழலும் என்று காட்டினார். மூவருக்கும் 1975-ல் நோபல். முழு உருண்டையாக இருந்தால் இந்தச் சுழற்சியே கிடையாது என்பது வேடிக்கை.

கிரிவலத்திலும் பார்க்கலாம். குபேர லிங்கத்துக்கு முன்னால் நாலு பேர் நின்றால் போதும், பின்னால் வரும் வெள்ளமே வளைந்து போகும்.

பாட்டில்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஈயம்-208 போன்ற கட்டுக்கோப்பான கருவோடு ஒரு புரோட்டான் வந்து ஒட்டினால் அது பெரிதாக அசைந்து கொடுக்காது. சில கூட்டங்களும் அப்படித்தான். தவிர, புரோட்டானுக்கு மனசாட்சி இல்லை. நமக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

சரி, பத்தாயிரமாவது பாட்டிலை வீசியவருக்கு, முதல் பாட்டிலை வீசியவரைவிடப் பங்கு குறைவா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கரு நீண்ட பிறகு யார் முதலில் இழுத்தது என்று கேட்க முடியாது. அந்த வடிவத்துக்கு ஏற்ப ஒவ்வொருவர் பாதையும் மாறுகிறது. அப்படி மாறிய பாதைகள்தான் வடிவத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. புதிதாக வந்தவருடையதும் சேர்த்துத்தான்.