போட்டுவிட ஆளில்லை



யோவான் நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் பெத்சதா குளக்கரையைப் பார்க்கிறோம். 38 ஆண்டுகளாகப் படுத்திருக்கும் ஒருவரிடம், நலம்பெற விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவரோ, தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறார்.

நம் வில்லியனூர் லூர்தன்னை திருத்தலத்திலும் குளம் இருக்கிறது. அதன் படிகளில் இதே பதிலை நான் கேட்டிருக்கிறேன்: “சாமி, சக்கரைக்கு ஊசி எழுதிக் கொடுத்திருக்காங்க. போட்டுவிட ஆளில்லை.”

ஆண்டவர் அந்த மனிதரைத் தூக்கிக் குளத்தில் விடவில்லை. எழுந்து நடக்கச் சொன்னார். படுக்கையையும் அவரையே எடுக்கச் சொன்னார். நலம் தந்தவர் கடவுள். படுக்கையைத் தூக்கியது நோயாளியின் கை.

இன்சுலினும் அப்படித்தான். 1921இல் டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த மருந்து, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போடப்பட்டது. சாவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் அதன்பின் பிழைத்தார்கள். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் கடவுளின் கொடையாகவே காண்கிறது. ஆகவே குளத்து நீரை நம்பிக்கையோடு தெளித்துக்கொள்ளுங்கள்; ஊசியை நிறுத்தாதீர்கள். நோயாளிகளுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

ஊசி போடுவதை நர்சம்மாவிடம் ஒருமுறை பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றில், அல்லது தொடையில் போடலாம். நேற்றுக் குத்திய இடத்தில் இன்று வேண்டாம்; கட்டிப்போனால் மருந்து சரியாக ஏறாது. புட்டியில் மருந்தின் வீரியம் 40 என்றிருந்தால், 40 என்று குறித்த சிரிஞ்சே வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி ஆஸ்பத்திரியில் கொடுங்கள். குப்பை அள்ளும் சகோதரியின் விரலும் கடவுள் படைத்ததுதான்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. பெத்சதாவின் ஐந்து மண்டபங்களிலும் கூட்டம் இருந்தது. வந்துபோனவர்களில் ஒருவருடைய கைகூட அவருக்காக நீளவில்லையே! சிரிஞ்சின் கோடு தெரியாத அளவுக்குக் கண் மங்கியவரும், கை நடுங்கும் பாட்டியும் நம் தெருவில் இருக்கிறார்கள். தைரியமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நான் பீடத்திலிருந்து இறங்கிவிட முடியாது.

பாகூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர்களே, வில்லியனூரில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்களே, காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். “ஊசி போட்டாச்சா? சாப்பிட்டாச்சா?” என்று கேளுங்கள். முடிந்தவர் தம் கையால் போட்டுக்கொள்ளட்டும். முடியாதவருக்கு நம் கை இருக்கட்டும். ஆளில்லை என்ற சொல் இனி நம் குளக்கரையில் கேட்க வேண்டாம். ஆமென்.