சும்மா இருப்பது திருட்டா?

பதினேழு வயதுப் பையன் ஒருவன் துணிக்கடையில் வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 1986-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் அது. அதன்படி, இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை.

அதே தெருவில் அதே வயதுப் பெண் ஒருத்தி ப்ளஸ் டூ படிக்கிறாள். விடியற்காலை ஐந்தரைக்கு ட்யூஷன், அப்புறம் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுக்கு வந்து பதினொன்று வரை படிப்பு, ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. இவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "அவன் எவனுக்கோ உழைக்கிறான். நீ உனக்காகத்தானே படிக்கிற?"

கேட்க ரொம்ப நியாயமாக இருக்கிற இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த வருடம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஜனவரியில் ஜேஇஇ மெயின் முதல் சுற்று. பிப்ரவரியில் பிராக்டிகல். மார்ச்சில் 600 மதிப்பெண்ணுக்குப் பொதுத்தேர்வு. ஏப்ரலில் ஜேஇஇ இரண்டாம் சுற்று. மே மாதம் நீட், 720-க்கு. மத்தியப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் 2022-இலிருந்து க்யூட் வேறு. இதற்கு நடுவே விண்ணப்பங்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், போட்டோ சைஸ் சரியில்லை என்று திருப்பியனுப்பும் வெப்சைட்டுகள். ஒவ்வொரு தேர்வும் தன்னை மட்டுமே நினைத்துத் திட்டமிடப்பட்டது. எல்லாவற்றையும் எழுதப்போவது ஒரே உடம்புதான் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

அந்த உடம்பு டிசம்பர் வாக்கில் ஒருமாதிரி ஆகிவிடுகிறது. புத்தகம் திறந்திருக்கும், கண் ஓடும், ஒன்றும் ஏறாது. பிடித்த பாடம்கூட வெறுப்பாக இருக்கும். 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர் இதே மாதிரியான நிலைக்குத்தான் 'பர்ன்அவுட்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வடிந்துபோதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுதல், தன்னால் முடியவில்லை என்ற உணர்வு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. இந்தச் சொல் தொழில் சார்ந்த சூழலுக்கு மட்டும்தான்; வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்குப் பொருத்தக் கூடாது. துணிக்கடைப் பையன் கருகலாம். இந்தப் பெண் கருகினால் அதற்கு முறையான பெயர்கூட இல்லை. வீட்டில் வேறு பெயர் இருக்கிறது: "சோம்பேறித்தனம்."

ப்ளஸ் டூ படிக்கிற தங்கச்சி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அண்ணா, பத்து நிமிஷம் சும்மா படுத்தாக்கூட ஏதோ திருடுன மாதிரி இருக்கு."

திருட்டு என்றால் பொருளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் யாருடையது? அப்பாவுடையதா? அவர் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் மனதில் இருக்கிற சொந்தக்காரர் பத்து வருடம் கழித்து வரப்போகிற ஒரு டாக்டர். அவளேதான், வெள்ளைக் கோட்டு போட்டவள். இன்றைய பெண் அந்த டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். இந்த முதலாளி வார விடுமுறை தருவதில்லை. ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு அனுப்புவதுமில்லை. அதைவிட ஒரு சிக்கல், இந்த முதலாளி கடைசியில் வராமலேயே போகலாம். நீட் எழுதுகிறவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். யார் எவ்வளவு உழைத்தாலும் பெரும்பாலானோருக்குக் கூலி கிடைக்காது என்பது தேர்வு நடப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார் இமானுவேல் கான்ட். இதில் பலரும் கவனிக்காமல் போகிற பகுதி, அவர் அதைப் பிறரோடு நிறுத்தவில்லை என்பது. உன்னையும் நீ அப்படி நடத்தாதே என்பதும் அதில் உண்டு. 'மட்டும்' என்ற சொல் முக்கியம். நாளைக்காக இன்று கஷ்டப்படுவதில் தப்பே இல்லை. விவசாயி செய்வதும் அதைத்தான். ஆனால் ஒரு வருடத்தை முழுக்க முழுக்க ரிசல்ட்டின் கருவியாக மட்டும் ஆக்கிவிட்டால், ரிசல்ட் வராதபோது அந்த வருடத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். இருபது லட்சம் பேரில் பெரும்பாலோர் தங்கள் பதினேழாவது வயதை வீணாய்ப் போனது என்று முத்திரை குத்தி மூடிவைக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு கணக்கை நல்ல கணக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அதுக்காகத்தான் இன்னும் ரெண்டு மணி நேரம் கூடப் படி" என்பார்கள். ஒருத்தி மட்டும் கூடப் படித்தால் பலன் உண்டு. எல்லோரும் கூடப் படித்தால்? பொருளாதார அறிஞர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976-இல் எழுதிய நூலில் இதைப் பேசியிருக்கிறார். தேர் பார்க்கும் கூட்டத்தில் முன்னால் இருப்பவர் எக்கினால் பின்னால் இருப்பவரும் எக்குவார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் கால் வலிக்கும். தேர் யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. கட்டாஃப் ஏறுவது அந்தக் கதைதான்.

சரி, இதில் லாபம் யாருக்கு? பேனருக்கு. தமிழ்நாடு அரசு 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. ஆனாலும் ஜூன் மாதம் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் சிரித்த முகங்களும் மதிப்பெண்களும் ஃபிளெக்ஸில் நிற்கும், கீழே அட்மிஷன் நம்பரோடு. அவளுடைய 720-க்கு இத்தனை, அடுத்த வருடத்துக்கான விளம்பரம். அப்படியென்றால் "உனக்காகத்தானே படிக்கிற" என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவளும் ஒரு தொழிலாளிதான். சட்டம் இல்லாத தொழிலாளி.

இங்கே ஒரு குரல் குறுக்கிடும். அது நியாயமான குரல். "ஓய்வு, அர்த்தம்னு பேசுறதெல்லாம் வசதியானவங்க பேச்சு. எங்க வீட்ல முதல்ல காலேஜ் போறது நான். எனக்கு இருக்கறது இந்த ஒரு கதவுதான்." இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த 2020-க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அந்தக் கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது. அவர்களிடம் போய் "ரிலாக்ஸா இரு" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். உழைப்புக்கு எல்லை கேட்டவர்கள் வரலாற்றில் வசதியானவர்கள் இல்லை. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது எட்டு மணி நேரக் கோரிக்கை மில் தொழிலாளியுடையது. உடம்பு ஒன்றே முதலாக இருப்பவனுக்குத்தான் உடம்பு தேய்வது பெரிய நஷ்டம். வசதியான வீட்டுப் பிள்ளை கருகினால் ஒரு வருடம் ரிப்பீட் பண்ணலாம், இல்லையென்றால் பணம் கட்டிச் சேரலாம். ஒரே கதவு இருப்பவள் பரீட்சை ஹாலில் தலை சுற்றி விழுந்தால் அந்தக் கதவும் போச்சு. அதனால் ஓய்வு அவளுக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

நம் மொழியிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாள் படுத்திருக்கிறார். திருப்பள்ளியெழுச்சி தூக்கத்திலிருந்து எழுப்பும் பாட்டு. பள்ளியறை என்றால் படுக்கையறை. சமண முனிவர்கள் தங்கிய இடமும் பள்ளிதான். கல்வி நடந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்துசேர்ந்தது. ஆங்கிலச் சொல்லான ஸ்கூலுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் ஓய்வு என்றே பொருள். சொல்லின் வேரை வைத்து நியாயம் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் படிப்பும் படுக்கையும் பகையாளிகள் என்பது நம் முன்னோர் சொன்ன விஷயம் இல்லை என்றாவது தெரிகிறது.

இதனால் நாளைக்கே ஒன்றும் மாறிவிடாது. மூன்று தேர்வும் அதே தேதியில் வரும். ஆனால் ஒரு பதினேழு வயதுப் பெண்ணால் சிலவற்றை முடிவு செய்ய முடியும். ஐந்து விண்ணப்பத்தில் எந்த இரண்டு தனக்கு, எந்த மூன்று மாமா வாய்க்கு என்று பிரிக்கலாம். இத்தனை மணிக்கு மேல் புத்தகம் மூடும் என்பதைக் களைத்த பிறகு கெஞ்சலாகக் கேட்காமல், களைப்பதற்கு முன்பே கணக்காக வைத்துக்கொள்ளலாம். சட்டம் தராத எல்லையைத் தானே தனக்குத் தரலாம். பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது: அவள் படுத்திருக்கும்போது கதவைத் தட்டாமல் நகர்ந்து போவது.

அந்தத் தங்கச்சிக்கு என்னிடம் இருப்பது சின்னப் பதில்தான். நாளைக்கு டாக்டர் வரட்டும், வராமல் போகட்டும். இன்றைக்கு இந்த உடம்பில் இருப்பது நீ. உன் பத்து நிமிடத்தை நீ எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் திருட்டு இல்லைம்மா.