எத்தனை நானோமீட்டர்?

ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு என்று மோல் கணக்கில் நீரில் கரைத்து, சூடாக்கிக் கலக்கியபடியே அம்மோனியாவை ஊற்றினால், பழுப்புக் கரைசல் கண்ணெதிரே கருத்துவிடும். பீக்கருக்கு அடியில் காந்தத்தை வைத்தால் அந்தக் கருமை அடியில் போய்ப் படியும். மேலே நிற்கும் நீரை வடித்து, புது நீர் ஊற்றி, காரம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி உலர்த்தினால் மாக்னடைட் பொடி கையில். சேலத்துக் கஞ்சமலையில் பாறையோடு பாறையாகக் கிடக்கும் அதே இரும்பு ஆக்சைடுதான் இது. வேதியியல் வாய்பாடு ஒன்றே. காந்த நடத்தை வேறு. வித்தியாசத்துக்குக் காரணம், துகளின் விட்டம் ஏறக்குறைய 10 நானோமீட்டர் என்பது.

முதலில் அந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மாக்னடைட் போன்ற இரும்பு ஆக்சைடுச் சேர்மங்களான ஃபெரைட்டுகளில் பெரும்பாலானவை ஸ்பைனல் என்ற படிக அமைப்பைச் சேர்ந்தவை. அதன் அலகுக் கூட்டின் பக்கம் சுமார் 0.84 நானோமீட்டர். அதற்குள் 32 ஆக்சிஜன் அயனிகள். அவற்றின் இடுக்குகளில் 24 உலோக அயனிகள். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடங்களில் 8 பேர், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி இடங்களில் 16 பேர். இந்த இரண்டு அணிகளும் எதிரெதிர்த் திசையில் காந்தம் காட்டுகின்றன. ஆள் எண்ணிக்கை சமமில்லாத கயிறு இழுப்புப் போட்டி மாதிரி, வெளியே தெரிவது மிச்சம் மட்டுமே. ஃபெர்ரிகாந்தம் எனப்படும் இந்தக் கணக்கை 1948இல் பிரான்சின் லூயி நேல் விளக்கினார். 1970இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே ஃபெரைட்டில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்பதைவிட, எது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி. இதைக் கடைசியில் மறுபடி கேட்க வேண்டிவரும்.

சின்னத் துகள் செய்ய இரண்டு வழி: பெரியதை உடைப்பது, அல்லது அணுக்களிலிருந்து கட்டுவது. 1960களின் தொடக்கத்தில் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் முதல் வழியில் போனார். ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கும் யோசனையில், மாக்னடைட்டை ஒலெயிக் அமிலத்தோடு சேர்த்து ஆலையில் போட்டு அரைத்துத் திரவமாக்கினார். வேலை நடந்தது, ஆனால் அரைப்பதற்குப் பொறுமை வேண்டும். பாரிசில் ரெனே மஸார் 1981இல் வெளியிட்ட இணைவீழ்படிவு முறை இதை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன பீக்கர் வேலை அந்த மரபில் வந்ததுதான்.

ஊற்றுவதில்தான் சூட்சுமம். காரம் சட்டென்று கலந்தால் கரைசல் முழுவதும் ஒரே சமயத்தில் ஏராளமான படிகக் கருக்கள் தோன்றும். இருக்கிற இரும்பை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வதால் யாரும் பெரிதாக வளர முடியாது. சொட்டுச் சொட்டாக விட்டால் சில கருக்கள் முன்பே பிறந்து கொழுக்க, மற்றவை பின்தங்கும், அளவுகள் சிதறும். கரைசல் வழியே நைட்ரஜன் வாயுவை ஓடவிடுவதும் சடங்குக்காக அல்ல. காற்றுப்பட்டால் ஃபெரஸ் அயனி ஃபெரிக்காகி, ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் கெட்டுவிடும்.

அளவின் மீது இத்தனை கவனம் ஏன்? பாறை அளவு மாக்னடைட்டில் பல காந்தக் களங்கள் சுவர் பிரித்து வாழ்கின்றன. சில பத்து நானோமீட்டருக்குக் கீழே சுவர் எழுப்புவது கட்டுப்படியாகாது. துகள் முழுவதும் ஒரே காந்தம். அந்தக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் துகளின் பருமனுக்கு நேர்விகிதம். அதைக் குலைக்க முயல்வது அறை வெப்பம். திசை புரள ஆகும் நேரம் இந்த இரண்டின் விகிதத்தோடு அடுக்கேற்றமாகக் கூடுகிறது. பருமட்டாகக் கணக்குப் போட்டால், 10 நானோமீட்டர் மாக்னடைட் துகளின் காந்தம் சில நானோநொடிக்கு ஒருமுறை புரளும். விட்டத்தை மூன்று மடங்காக்குங்கள்: புரள மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். நானோநொடி எங்கே, ஆண்டு எங்கே! இயற்பியலில் இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய விளைவு அடிக்கடி அகப்படாது.

நானோநொடியில் இப்படிப் புரளும் நிலையைத்தான் மீகாந்தம் என்கிறார்கள், ஆங்கில வழக்கில் சூப்பர்பாராமேக்னடிசம். வெளிப் புலம் வைத்தால் துகள்கள் வலுவாக அணிவகுக்கும். எடுத்தால் மொத்தக் காந்தம் பூச்சியம். காந்தமானியில் இருபுறமும் வளைந்து நடுவே பூச்சியம் வழியே போகும் ஒற்றைக் கோடு வரும்; புலம் ஏறும் வழியும் இறங்கும் வழியும் பிரிகிற தயக்க வளையம் இராது. எம்.ஆர்.ஐ. படத்தில் நிறவேறுபாடு காட்டும் மருந்துகளுக்கு இந்தக் குணம் வசதி, ஏனெனில் புலம் நின்றதும் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து ரத்தத்தில் கட்டிக்கொள்வதில்லை.

அளவை எப்படி அளப்பது? எக்ஸ் கதிர் விளிம்பு வளைவில் படிகம் சிறுக்கச் சிறுக்க முகடுகள் அகலும். 1918இல் பால் ஷெரர் தந்த சூத்திரம் அந்த அகலத்தை விட்டமாக்கும். தாமிரக் கதிரில் மாக்னடைட்டின் முதன்மை முகடு 35.5 பாகை அருகே நிற்கும். 10 நானோமீட்டர் படிகம் என்றால் அதன் அகலம் சுமார் 0.8 பாகை. கருவியே தரும் அகலத்தையும் படிகத் திரிபையும் கழிக்காமல் சூத்திரத்தில் போட்டுவிட்டு, விடையைத் தசம இடங்களோடு எழுதும் ஆய்வேடுகள் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கி துகளின் வெளிவிட்டத்தைக் காட்டும். ஒளிச்சிதறல் கருவி, மேலே ஒட்டிய பூச்சையும் நீரையும் சேர்த்து இன்னும் பெரிய எண் தரும். காந்த வளைகோட்டிலிருந்து கணக்கிட்டால் பெரும்பாலும் எல்லாவற்றிலும் சிறியது வரும். இந்த எண்கள் பொருந்தவில்லையே என்று ஒன்றை மறைத்து ஒன்றை வெளியிடுவது வீண். அவை அளப்பதே வெவ்வேறு பொருள்களை.

காந்த அளவு ஏன் சிறியது? மேற்பரப்பு அயனிகளுக்குப் பக்கத்து ஆக்சிஜன் சில குறைவு. அவற்றின் காந்தம் அணிவகுப்பில் சேராமல் சாய்ந்து நிற்கும். 10 நானோமீட்டர் துகளில் வெறும் 1 நானோமீட்டர் தோல் இப்படிக் குலைந்தால், மொத்தப் பருமனில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. பெரும்படிக மாக்னடைட்டின் நிறைவுக் காந்தமாக்கல் கிராமுக்கு 92 ஈ.எம்.யு.; நானோ பொடியில் அதைவிட வெகுவாகக் குறைவதற்கு இது ஒரு காரணம். எடையில் சேர்ந்துவிட்ட நீரும் பூச்சும் இன்னொன்று. மூன்றாவது, பொடி காற்றில் மெல்ல மாகமைட் என்ற மற்றோர் இரும்பு ஆக்சைடாக மாறுவது. அதன் எக்ஸ் கதிர் முகடுகள் மாக்னடைட்டோடு ஏறக்குறைய ஒன்றிப்போவதால், இரண்டையும் பிரித்தறிய மோஸ்பவர் நிறமாலை போன்ற சான்று வேண்டும்.

சிறுத்தால் காந்தம் குறையும் என்று இதிலிருந்து விதி எழுதிவிட முடியாது. துத்தநாக ஃபெரைட் நேர்மாறு. பெரும்படிகத்தில் துத்தநாகம் நான்முகி இடங்களை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது. துத்தநாக அயனிக்குக் காந்தம் கிடையாது, ஆகவே எதிரணியே இல்லை. அறை வெப்பநிலையில் அது காந்தத்தால் சரியாக இழுக்கப்படாத பொருள். அதையே நானோ அளவில் வேகமாக வீழ்படிய வைத்தால், கொஞ்சம் துத்தநாகம் எண்முகி இடத்தில் சிக்கிக்கொள்ள, இரும்பு நான்முகி இடத்துக்கு வருகிறது. இரண்டு அணியும் உருவாகி, பொடி காந்தத்தில் ஒட்டுகிறது. பிறகு அந்தப் பொடியை உலையில் வைத்து உயர் வெப்பத்தில் சுட்டால், எக்ஸ் கதிர் முகடுகள் கூராகும், படிகம் வளரும், துத்தநாகம் தன் இடத்துக்குத் திரும்பும். காந்தமோ குறையும். அதனால் துத்தநாக ஃபெரைட்டின் காந்தமாக்கல் இவ்வளவு என்று யாராவது ஓர் எண் சொன்னால், எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் சுட்டீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.