ஆய்வும் அகிம்சையும்

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் நம் பிள்ளைகள், ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டி வரும்போது, எதை ஆராய்வது என்று வீட்டில்தான் முதலில் கேட்கின்றனர். 1993-இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கப்பெற்ற பின்னர், தம் ஊர்ச் சூழலையே ஆராயும் வழக்கம் பள்ளிகளில் பரவிற்று. நல்ல வழக்கமே. ஆயின், பொருளைத் தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே அறத்தின் வினாவும் உடன் எழுந்துவிடுகிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் பயிலும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அவ்வூரில் உள்ளது. அதன் வடகாலும் தென்காலும் குளங்கள் பலவற்றை நிரப்பி வயல்களுக்குப் பாய்கின்றன. கொசுவுக்கும் அங்கே குறைவிராது. வேப்பிலைச் சாறு கொசுப்புழுவைக் கொல்லுமா என்பதே அவனுக்கு எளிதில் அகப்படும் ஆய்வு. புழுக்களைக் குப்பிகளில் இட்டு, சாற்றை வெவ்வேறு அளவில் ஊற்றி, மறுநாள் இறந்தவற்றை எண்ணினால் அட்டவணை ஆயத்தம். ஊருக்கு நன்மை என்ற பெயரும் கிடைக்கும்.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாகப் பகுத்தனர். அடுக்களையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை இல்லறத்தார் முற்றிலும் விலக்க இயலாது. கொல்லக் கருதியே கொல்லும் சங்கல்ப ஹிம்சையை அவர்களும் விலக்கியே ஆக வேண்டும். கல்வியும் ஒரு தொழில்தானே, இதனை உத்தியோக ஹிம்சை என்று கொண்டால் என்ன என்று சிலர் கேட்பர். உழவனின் ஏரில் புழு மடிகிறது. மடியாது தப்பினாலும் அவன் உழவு கெடுவதில்லை. மாணவனின் குப்பியிலோ, புழு சாகாவிடில் ஆய்வுக்கு முடிவே இல்லை. நான்கறிவுடைய ஓர் உயிரின் சாவையே அவன் எண்ணுகிறான். அதிலும் வேம்பின் ஆற்றல் முன்னரே பலரும் சோதித்து அறிந்தது. மீண்டும் கொல்வதால் விளைவது மதிப்பெண் மட்டுமே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாம் உட்கொள்ளும் மருந்துகளும் குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசிகளும் விலங்குகளின் மீது சோதிக்கப்பட்டவையே. அப்பயனைத் துய்த்துக்கொண்டே பள்ளிப் பிள்ளையின் கையை மட்டும் தடுப்பது முறையா? இவ்வினாவுக்கு நம்மிடம் முழு விடை இல்லை. ஓர் உயிரைக் காக்க வேறு வழியின்றிச் செய்வதற்கும், முன்பே தெரிந்ததைத் தேர்வுக்காகத் திரும்பச் செய்வதற்கும் வேறுபாடு உண்டு என்ற அளவில் துணிந்து கூறலாம். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பட்டப் படிப்புகளில் உயிர்களை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னதும் கருதத்தக்கது.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கண்டு வியந்து, அது எவ்வகைக் குருவி என அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். கொலையில் தொடங்கிய கல்வி அது. பின்னாளிலும் அவர் அருங்காட்சியகங்களுக்காகப் பறவைகளைச் சுட்டவரே. எனினும் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த தொடக்க ஆய்வு, 1930-இல் கீஹிம் என்னும் கடற்கரை ஊரில் தூக்கணாங்குருவிகளை இருந்த இடத்திலேயே நோக்கிச் செய்தது. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்தும். பெட்டை வந்து பார்த்து இசைந்தால்தான் மீதியை முடிக்கும். பின்னர் அது வேறொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கும். பொறுமையுள்ள கண்களுக்கே இது புலப்படும்.

பொருநைக் கரையில் பனைக்குப் பஞ்சமா? ஒரு மரத்தில் முற்றுப்பெற்ற கூடுகள் எத்தனை, பாதியில் விடப்பட்டவை எத்தனை என்று ஒரு பருவம் முழுதும் குறித்து வந்தால் அது முறையான ஆய்வாகும். குளங்களில் 2011 முதல் சனவரி தோறும் நடந்து வரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்து பயிலலாம். இதிலும் தீங்கு அறவே இல்லை என்று இறுமாத்தல் கூடாது. அடைகாக்கும் கூட்டை அடிக்கடி நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சி விலகும். தொலைவில் நிற்கவும் கற்பிக்க வேண்டும்.

இத்தகைய நாட்குறிப்புக்குக் குப்பிச் சோதனை அளவுக்கு மதிப்பெண் கிடைக்காமலும் போகலாம். அவ்விழப்பைப் பிள்ளை தனியே சுமக்கும்படி விடுதல் தகாது. ஆசிரியரிடம் காரணத்தைப் பெற்றோரே நேரில் சென்று எடுத்துரைக்கட்டும். விடியற்காலையில் குளக்கரைக்கு உடன் செல்லட்டும்.