வாய் திற! வீடு கிடைக்கும்!

அட்மிஷன் வாங்கத் தெரிந்த உனக்கு ஒரு வீடு பிடிக்கத் தெரியாதா?

ஜிஆர்இ எழுதினாய். விசா அதிகாரியின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று தடுமாறாமல் பதில் சொன்னாய். கல்விக் கடனுக்காக அப்பாவையும் இழுத்துக்கொண்டு வங்கிக்கு நடையாய் நடந்தாய்.

அத்தனையும் செய்த நீ, அமெரிக்காவின் அயோவா சிட்டியில் வாடகைக்கு ஒரு அறை தேடச் சொன்னால் மட்டும் "யாராவது சீனியர் பார்த்துத் தருவாங்க" என்கிறாய்!

ஏன் பார்த்துத் தர வேண்டும்? அவருக்கு வேறு வேலை இல்லையா?

1973இல் எழுத்தாளர் அசோகமித்திரன் அந்த ஊருக்குப் போனார். அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தார் அவரை அழைத்தார்கள், மேஃபிளவர் கட்டடத்தில் தங்க இடமும் கொடுத்தார்கள். அங்கே கழித்த மாதங்கள்தான் பின்னாளில் 'ஒற்றன்!' நாவல் ஆயின.

உன்னை யாரும் மேஃபிளவரில் குடிவைக்கப் போவதில்லை. உன் வீட்டை நீதான் தேட வேண்டும்!

பயமாக இருக்கிறதா? எதைக் கண்டு பயம்? ஊரைக் கண்டா?

2020 கணக்கெடுப்பின்படி அயோவா சிட்டியின் மக்கள்தொகை 74,828. நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி, அவ்வளவுதான். நடுவில் அயோவா ஆறு. கிழக்குக் கரையில் டவுன்டவுனும் பழைய கேபிடல் கட்டடமும். மேற்குக் கரையில் பல்கலைக்கழக மருத்துவமனையும் கின்னிக் ஸ்டேடியமும். ஒட்டினாற்போல் பக்கத்து ஊர் கோரல்வில். கேம்பஸ் என்று ஒரு பஸ், பல்கலைக்கழகமே நடத்துவது. ஓட்டுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், டிக்கெட் கிடையாது. ஒரு மாலைப் பொழுது மேப்பை விரித்துவைத்து உட்கார்ந்தால் ஊர் உனக்குப் பாடமாகிவிடும்!

ஊர் பயமில்லை. உனக்குப் பயம் வாயைத் திறப்பதில்தான்!

"என் இங்கிலீஷ் வீட்டுக்காரர்களுக்குப் புரியாது சார்." புரியாவிட்டால் இன்னொரு முறை சொல். அவர்கள் வேகமாகப் பேசுகிறார்களா? "மெயிலில் எழுதி அனுப்புங்கள்" என்று கேள். எழுத்தில் இருந்தால் உனக்குத்தான் நல்லது!

"ராத்திரியில் ஃபோன் பண்ண வேண்டுமே." பண்ணு! கோடையில் அந்த ஊர் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஜூன் மாதம் இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே காலை பத்து. ஐபிஎல் பார்க்க விழித்திருக்கத் தெரிகிறது அல்லவா?

"நான் வெளிநாட்டுக்காரன், வீடு தர மாட்டார்கள்." யார் சொன்னது? எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்பதைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 1968இலேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது!

கிரெடிட் ஸ்கோர் கேட்பார்கள். அது உன்னிடம் இருக்காது. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் வேலை கிடைத்த பிறகுதான் அதற்கே விண்ணப்பிக்க முடியும். வருமானம் கேட்பார்கள். சிலர் உன் வாடகைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட அமெரிக்காவிலேயே இருக்கும் ஒரு கோ-சைனர் வேண்டும் என்பார்கள்.

உடனே ஃபோனை வைத்துவிடுவாயா?

"இவையெல்லாம் இல்லை. பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 இருக்கிறது, பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, உதவித்தொகைக் கடிதம் இருக்கிறது. இதில் எதை ஏற்பீர்கள்?" என்று கேள்! வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர் அது. ஒருவர் முடியாது என்பார், இன்னொருவர் அனுப்பிவை என்பார். அந்த இன்னொருவரிடம் போய்ச் சேரும்வரை நீ நிறுத்தக் கூடாது!

முடியாது என்று ஒருவர் சொன்னால் உன் உடம்பில் ஒரு கீறலாவது விழுமா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

ஆனால் காலம் தாழ்த்தாதே. அந்த ஊரில் வீட்டுக்கு வருடப் பிறப்பு ஆகஸ்ட் 1. பெரும்பாலான லீஸ் அன்றுதான் தொடங்கும். பழைய மாணவர்களோ முந்தைய குளிர்காலத்திலேயே அடுத்த ஆகஸ்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உனக்கு அட்மிஷன் கடிதம் வரும்போது நல்ல வீடுகள் பலவும் போயிருக்கும்.

போகட்டும்! விசா கிடைக்காதவர்கள் உண்டு, படிப்பை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, பாதியில் ஊர் மாறுகிறவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் இடத்தை சப்லீஸ் விட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ அவர்களைத் தேடினாயா? அல்லது வாட்ஸப் குழுவில் "எனி ரூம்?" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கினாயா?

அப்படி ஒரு வரி போட்டவனைத்தான் மோசடிக்காரன் தேடிக்கொண்டிருக்கிறான்.

பளபளவென்று படம் அனுப்புவான். வாடகை பாதிதான் என்பான். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்பு, சாவி தபாலில் வரும்" என்பான். கூச்சப்படுகிறவன் அங்கேதான் மாட்டுகிறான். ஏன் தெரியுமா? மோசடிக்காரன் கேள்வியே கேட்பதில்லை! கிரெடிட் ஸ்கோர் வேண்டாம் என்கிறான், கோ-சைனர் வேண்டாம் என்கிறான். கேள்வி கேட்காத வீட்டுக்காரன் கிடைத்தான் என்று நீ மகிழ்ந்துபோகிறாய்!

முகவரியைக் கேட்டு வாங்கு. சொத்துகளை மதிப்பிடும் அயோவா சிட்டி அசெஸர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டால் உரிமையாளர் பெயர் வந்து நிற்கும். உன்னிடம் பேசுகிறவன் அவரா, அவருடைய ஆளா? வாடகைக்கு விட அந்த ஊரில் நகராட்சி பெர்மிட் வாங்க வேண்டும். இருக்கிறதா என்று கேள். வீடியோ காலில் குழாயைத் திறந்து காட்டச் சொல், ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டச் சொல். நழுவுகிறானா? நீயும் நழுவிவிடு!

நல்ல வீட்டுக்காரரிடமும் கேள். ஹீட்டர் செலவு வாடகையில் சேர்த்தியா, தனியா? ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊர் அது. போன ஜனவரியில் பில் எவ்வளவு வந்தது? ஆற்றுக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே மலிவாக ஒரு அறையா? 2008 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று. தனித்தனி லீஸா, கூட்டு லீஸா?

நான்கு பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அக்டோபரில் ஒருவன் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறான். அவனுடைய பங்கு வாடகை யார் தலையில்? மற்ற மூவர் தலையில்தான்! "நம்ம ஊர்ப் பையன், மச்சான் மாதிரி" என்பதெல்லாம் லீஸில் எழுதப்படுவதில்லை. முன்பின் தெரியாதவர்களோடு சேரும்போது, வாடகை கொஞ்சம் கூடினாலும் தனி லீஸே மேல் என்பேன் நான்.

அத்தனை பக்கங்களையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. தெர்மோடைனமிக்ஸ் படித்தவனுக்கு லீஸ் படிக்க முடியாதா?

சரி, போய் இறங்கிவிட்டாய். எஃப்-1 விசாவில் படிப்பு தொடங்க 30 நாள் முன்பிருந்துதான் உள்ளே விடுவார்கள். ஆகஸ்ட் 1க்கு முன்பே இறங்கினால் சாவி கைக்கு வராது. பழைய லீஸ் ஜூலை கடைசியில் முடிந்து புது லீஸ் தொடங்கும்வரை, அங்கேயே வருடக்கணக்காக இருக்கும் மாணவர்களே மூட்டை முடிச்சோடு நண்பர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில் தெருவோரத்தைப் பார்! சோபா, மேஜை, மெத்தை, டேபிள் லேம்ப், ஒரு கால் ஆடும் நாற்காலி. காலி செய்கிறவர்கள் அப்படியே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவை குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்று, டவுன்டவுனில் கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றில் 'ரம்மேஜ் இன் தி ராம்ப்' என்ற பழைய சாமான் விற்பனையையே நகராட்சி பல ஆண்டுகள் நடத்தியது. நீ எடுக்கப்போகும் வீட்டில் பெரும்பாலும் ஒரு நாற்காலிகூட இருக்காது.

பழைய மேஜையை எடுத்துக்கொள்ள வெட்கமா? எதற்கு வெட்கம்? எடு! மெத்தையையும் சோபாவையும் மட்டும் தொடாதே. அமெரிக்காவிலும் மூட்டைப்பூச்சி உண்டு, தம்பி!

சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஃபோனைக் கையில் எடு. சுவரில் ஆணி அடித்த ஓட்டை, கார்ப்பெட்டில் கறை, அடுப்பில் உடைந்த குமிழ், குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம், எல்லாவற்றையும் படம் எடு! அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்பு. அவர் தரும் பட்டியல் தாளில் ஒரு கீறலைக்கூட விடாமல் எழுது.

"இப்போதே குறை சொன்னால் அவர் என்ன நினைப்பார்?"

எதையாவது நினைத்துவிட்டுப் போகட்டும்! வீட்டைக் காலி செய்யும் நாளில் உனக்காகப் பேச அந்தப் படங்கள் மட்டும்தான் இருக்கும்!

அயோவா சட்டப்படி இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. லீஸ் முடிந்து, உன் புது முகவரியும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அதிலிருந்து 30 நாளில் பணம் திரும்ப வேண்டும். பிடித்தம் செய்தால் எதற்கு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நீ முகவரியே கொடுக்காமல் வந்துவிட்டு "அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று புலம்பினால் எப்படி?

முகவரியை எழுதிக் கொடு. தேதியைக் குறித்துக்கொள். முப்பது நாள் ஆயிற்றா? பணம் வரவில்லையா? மெயில் போடு. பதில் இல்லையா? மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகத்தில் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. லீஸையும் படங்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போ, வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து நடந்ததைச் சொல்.

உன் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது! போய்க் கேள்!