முதுகில் கோடு இல்லாத அணில்

நம் மலேசியக் காட்டோரங்களில் அடிக்கடி காணும் அணிலைக் கவனித்ததுண்டா? இராமர் தடவிய மூன்று கோடு அதன் முதுகில் கிடையாது. விலாவில் கறுப்பும் வெளுப்புமாய்ப் பட்டை, வயிறு செம்மை. விடிந்ததும் வேலையில் இறங்கிவிடும். பழம் தின்னும், பூச்சி பிடிக்கும், நார் சேர்த்துக் கூடு கட்டும். அது சிதறவிடும் விதைகளில் சில மரமாகும். யாரும் தடவிக்கொடுப்பதில்லை.

அணைக்கு மணல் சுமந்த அணிலைப் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார், அதற்குக்கூடத் தாம் ஈடில்லையே என்று உருகினார். நாமோ, "நான் ஒருத்தன் போய் என்ன ஆகப்போகுது?" என்று கோயில் கூட்டுப்பணிக்கு மட்டம் போடுகிறோம். படம் எடுத்துப் போட்டால்தான் தொண்டா? கோடு விழுமான்னு பார்க்காதீங்க. உங்க பங்கு மணலைக் கொண்டு வாங்க. கணக்கு இறைவனிடம் இருக்கிறது.